புது பேட்டரி போட்டும் இரண்டே மாதம்: வானிலைப் பெட்டியில் மின்சாரம் எங்கே போகிறது?

மார்ச் 4, கேள்வி

"மாடியில் சோலார் வானிலை நிலையம் ஒன்று வைத்திருக்கிறேன். வெளிப்பெட்டியில் சின்ன சோலார் பேனல், உள்ளே 3 வோல்ட் சிஆர்123ஏ லித்தியம் செல். கையேட்டில் செல் ஒரு வருடத்துக்கு மேல் வரும் என்று போட்டிருக்கிறது. எனக்கு இரண்டு மாதத்தைத் தாண்டவில்லை. மூன்று முறை மாற்றிவிட்டேன். கிடைப்பதெல்லாம் போலி பேட்டரிதான் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?"

மார்ச் 4, இரவு

எனக்கு நடந்துகொண்டே இருக்கிறது. என் பெட்டிக்கு ஐந்து வயது. போன வருடத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு செல் விழுங்குகிறது.

போலி செல்லும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூன்று முறையும் போலியே வந்து மாட்டியது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. முதலில் பேனலைத் துடையுங்கள். பறவை எச்சம் ஒரு ஓரத்தில் இருந்தாலே போதும். உள்ளே இருக்கும் துண்டுகள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒன்று நிழலில் விழுந்தால் மொத்த வரிசையின் மின்னோட்டமும் அதன் அளவுக்கு இறங்கிவிடும். பேனல் சார்ஜ் கொடுக்காததால் எல்லாச் சுமையும் செல் தலையில் விழுகிறது என்பது என் ஊகம்.

மார்ச் 5

என் பேனலையும் துடைத்துப் பார்த்தேன். நல்ல வெயிலில் வெறும் வோல்ட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பேனலின் மேற்பூச்சு மஞ்சளித்து, பாதி வெளிச்சம்கூட உள்ளே போகாத நிலையிலும் திறந்த முனையில் வோல்ட் கிட்டத்தட்ட முழுதாகக் காட்டும். மல்டிமீட்டரை மில்லிஆம்பியர் பக்கம் வைத்து, பேனலின் இரு முனைகளையும் அதன் வழியே நேராக இணைத்துப் பாருங்கள். இவ்வளவு சின்னப் பேனலுக்கு அது ஆபத்தில்லை. வெளிச்சம் குறைந்தால் அந்த எண் அப்படியே குறையும். என்னுடையதில் அது புதிதாக வாங்கியபோது குறித்து வைத்த அளவில் முக்கால் பங்கு இருந்தது. மோசமில்லை.

அப்படியானால் பேனல் குற்றவாளி இல்லை. இதைச் சொல்லவே கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் நேற்று பேனல் மேல்தான் பழி போட்டேன்.

மார்ச் 7

நேற்று ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். இதை முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

சிஆர்123ஏ செல்லின் கொள்ளளவு சுமார் 1500 மில்லிஆம்பியர்-மணி. என் பெட்டி சராசரியாக எடுப்பது 0.15 மில்லிஆம்பியர். வகுத்தால் 10,000 மணி நேரம், அதாவது 416 நாள். கவனியுங்கள்: இது சூரியனே உதிக்காத கணக்கு. பேனலைக் கழற்றி வீசிவிட்டாலும் செல் ஒரு வருடம் தாண்ட வேண்டும்!

உங்கள் செல் 60 நாளில் தீர்கிறது. 60 நாள் என்பது 1440 மணி நேரம். 1500-ஐ 1440-ஆல் வகுத்தால் ஒரு மில்லிஆம்பியருக்கு மேல் வருகிறது. எடுக்க வேண்டியதைப் போல ஏழு மடங்கு. பேனல் அழுக்கோ, மேகமோ, மரத்து நிழலோ இதை விளக்காது. எங்கோ ஒழுகுகிறது. ஓட்டைக் குடத்தில் எந்தத் தண்ணீர் ஊற்றினால் என்ன.

மார்ச் 7, கொஞ்ச நேரம் கழித்து

மேலே உள்ள கணக்கில் ஒரு பிழை. 24 மணி நேரமும் செல்லே வேலை செய்வதாக வைத்துவிட்டேன். பகலில் பேனல்தான் ஊட்டுகிறது. பொழுது சாய்ந்த பிறகும் சூப்பர் கெப்பாசிட்டர் சிறிது நேரம் தாங்கும். ஆக, செல் வேலை செய்வது ஒரு நாளில் ஏறக்குறைய 11 மணி நேரம்தான். அப்படியானால் அந்த நேரத்தில் 2 மில்லிஆம்பியருக்கு மேல் போகிறது. ஒழுகல் நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு பெரியது.

மார்ச் 8

சூப்பர் கெப்பாசிட்டர் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பேட்டரி மாதிரி மின்சாரத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் வேதிவினை மூலம் அல்ல. அதனால் லட்சக்கணக்கான தடவை நிரப்பலாம், காலி செய்யலாம். பிடிப்பது மட்டும் கொஞ்சம்.

என் பெட்டியில் இருப்பது 5.5 வோல்ட், 5 ஃபாரட் (கெப்பாசிட்டர் கொள்ளளவின் அலகு). இரண்டு 10 ஃபாரட் துண்டுகள் வரிசையில். பகலில் 5 வோல்ட் வரை ஏறும். இரவில் 3 வோல்ட் வரை அதுவே ஊட்டும். அதற்குக் கீழே இறங்கும்போது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு வழியாக லித்தியம் செல் உள்ளே வரும். 2 வோல்ட் இறக்கம், 5 ஃபாரட்: 10 கூலும் மின்னூட்டம். மில்லிஆம்பியர்-மணியில் சொன்னால் 2.8. அதை 0.15-ஆல் வகுத்தால் 18 மணி நேரத்துக்கு மேல். எந்தச் சாதாரண இரவையும் கடந்துவிடும். ஒழுங்காக வேலை செய்யும் பெட்டியில் லித்தியம் செல் ஆண்டு முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. "ரீசார்ஜ் ஆகும் 123 செல் போட்டால் செலவு மிச்சமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். அது முழு சார்ஜில் 4.2 வோல்ட். கெப்பாசிட்டர் 4.2-க்கு வந்ததுமே அந்த செல் முந்திக்கொண்டு உள்ளே நுழையும். கெப்பாசிட்டரில் மீதி இருப்பது வீணாகும். கொள்ளளவும் சாதாரண லித்தியம் செல்லில் பாதிதான் இருக்கும். இந்தச் சுற்றில் பேனல் அதைத் திரும்ப நிரப்பவும் செய்யாது. 3 வோல்ட்டுக்கென்றே அமைத்த மற்ற பெட்டிகளில் 4.2 கொடுத்தால் போர்டே போய்விடலாம்.

மார்ச் 9

இன்று அளந்தேன். பெட்டியை மதியம் இறக்கி மேசை மேல் வைத்து, செல்லுக்கும் பிடிப்பானுக்கும் நடுவில் மீட்டரைக் கோத்தேன். பூஜ்யம். துளிகூட இல்லை. ஒழுகல் என்று நான் சொன்னதே தப்போ?

மார்ச் 9, மாலை

தப்பு அளவையில்தான். வெயிலிலிருந்து நேராகக் கொண்டுவந்த பெட்டி. கெப்பாசிட்டர் 5 வோல்ட்டில் நிரம்பி இருந்தது. அது ஊட்டும்வரை செல்லிலிருந்து எதுவும் போகாதே! பேனலைக் கறுப்புத் துணியால் மூடி, கெப்பாசிட்டரை 100 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் காலி செய்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்து ஷார்ட் செய்யாதீர்கள். பொறி பறக்கும், கெப்பாசிட்டருக்கும் நல்லதில்லை.

காலி செய்துவிட்டு மீட்டரை மைக்ரோஆம்பியரில் வைத்தேன். பெட்டி திரும்பத் திரும்ப அணைந்து அணைந்து எழுந்தது. காரணம் மீட்டரே. மைக்ரோஆம்பியர் பக்கத்தில் மீட்டருக்குள் நூறு ஓமோ அதற்கு மேலோ தடை இருக்கும். பெட்டி தகவல் அனுப்பும் அந்தச் சில மில்லிவினாடிகளில் 30 மில்லிஆம்பியர் இழுக்கும். 100 ஓமில் 30 மில்லிஆம்பியர் என்றால் 3 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். பெட்டிக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

மார்ச் 10

சரியான வழி: செல்லோடு வரிசையாக ஒரு 10 ஓம் ரெசிஸ்டர். மீட்டரை 200 மில்லிவோல்ட் பக்கம் வைத்து ரெசிஸ்டரின் இரு முனைகளில் தொடுங்கள். 10 மில்லிவோல்ட் காட்டினால் 1 மில்லிஆம்பியர். தகவல் போகும்போது எண் துள்ளும், அதை விட்டுவிடுங்கள். இரண்டு துள்ளலுக்கு நடுவே எண் எங்கே வந்து உட்காருகிறது என்று பாருங்கள். நல்ல பெட்டியில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்.

என்னுடையதில் 4 மில்லிவோல்ட். அதாவது தூங்கும்போதே 0.4 மில்லிஆம்பியர். ஒழுகல் இருக்கிறது. ஆனால் மூன்று மாதத்தில் செல்லைத் தீர்க்க இது போதாது. 90 நாள், நாளுக்கு 11 மணி, மொத்தம் 990 மணி. 1500-ஐ வகுத்தால் 1.5 மில்லிஆம்பியர் வர வேண்டும்.

மீதி எங்கே?

மார்ச் 12

நேற்று இரவு மழை. காலை ஈரத்தோடு இறக்கி அதே அளவை எடுத்தேன். 21 மில்லிவோல்ட்.

காய்ந்தால் 0.4, நனைந்தால் 2.1. செல் தீர்ந்துபோன வாரங்களில் கன்சோலில் (பெட்டி அனுப்பும் தகவலை வாங்கிக் காட்டும் திரை) பதிவான வரலாற்றைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வறண்ட இரவுகளில் இருட்டி இரண்டு மணி நேரம் வரை தகவல் வந்திருக்கிறது. மழை இரவுகளில் அரை மணியில் நின்றிருக்கிறது. இத்தனை நாளும் இது என் கண்ணில் படவே இல்லை.

ரேடியோக் குறுக்கீடு என்றால் நின்று நின்று வரும், நேரம் காலம் பார்க்காது. மின்சாரக் கோளாறு சூரியனைப் பின்தொடரும்: அந்தி சாய்ந்து நிற்கும், விடிந்து திரும்பும். உங்கள் வரலாற்றைப் பேட்டரி வாங்கப் போவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

மார்ச் 12, இரவு

தூக்கம் வரவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாதாரணக் கண்ணாடி மழைமானியும் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் கையால் அளந்து நோட்டில் எழுதுகிறேன். போன மழை மாதத்தில் நோட்டில் 118 மில்லிமீட்டர். நிலையத்தின் கணக்கில் 71.4.

பதிவில் இடைவெளி விழுந்தால் சராசரி போட்டுச் சமாளிக்கலாம் என்று இதுவரை நினைத்திருந்தேன். முடியாது. ஈரம் வந்தால் ஒழுகல் கூடுகிறது, ஒழுகல் கூடினால் பெட்டி அணைகிறது. ஆக எந்த இரவில் மழை அதிகமோ அந்த இரவே பதிவில் இல்லை. விடுபட்டவை ஏதோ சில நாட்கள் அல்ல. அளக்க வேண்டிய நாட்களே. ஒரு வருடமாக என் மாத மொத்தங்கள் எல்லாமே குறைவாகத்தான் பதிவாகியிருக்கின்றன. செல் செலவு போனால் போகட்டும். இதுதான் மனதை அறுக்கிறது.

மார்ச் 15

போர்டைக் கழற்றினேன். கெப்பாசிட்டரின் கால்களைச் சுற்றிப் பச்சை நிறத்தில் பொரிந்திருக்கிறது. செப்புத் துரு. இரண்டு சால்டர் புள்ளிகளுக்கு நடுவே பாலம் போலப் படர்ந்திருக்கிறது. காய்ந்திருந்தால் அது கொஞ்சம்தான் கடத்தும். ஈரம் பட்டால் 3 வோல்ட்டுக்கு 2.1 மில்லிஆம்பியர், கிட்டத்தட்ட 1.4 கிலோஓம் தடை ஒன்றை எப்போதும் குறுக்கே கட்டி வைத்தது போல.

துரு ஏன் வந்தது என்பதும் தெரிந்தது. மூன்று வருடம் முன்பு, மழை உள்ளே போகக்கூடாதென்று பெட்டியின் மூடி விளிம்பையும் அடியில் இருந்த சின்ன ஓட்டையையும் நானே சிலிக்கான் பசை வைத்து அடைத்தேன். வினிகர் நெடி அடிக்கும் சாதாரண வகை. அந்த நெடி அசெட்டிக் அமிலம். பசை இறுகும்போது வெளிவரும் அமிலம் மூடிய பெட்டிக்குள் தேங்கிச் செம்பை அரிக்கும். மின்னணுப் பெட்டிகளுக்கு நெடியில்லாத, நடுநிலை வகைப் பசைதான் வைக்க வேண்டும்.

ஓட்டையை அடைத்தது அதைவிடப் பெரிய தவறு. வெயிலில் பெட்டிக்குள் காற்று விரியும், இரவில் சுருங்கும். சுருங்கும்போது வெளிக்காற்றை எங்கிருந்தாவது இழுத்துக்கொள்ளும். வயர் நுழையும் இடுக்கில் தண்ணீர் நின்றால் அதையும் சேர்த்து இழுக்கும். உள்ளே வந்தது வெளியேற வழியில்லை. அடி ஓட்டை இருப்பதே தண்ணீர் வடியவும் பெட்டி மூச்சு விடவும்தான். பாதுகாப்பதாக நினைத்து அதைத்தான் அடைத்திருக்கிறேன்.

மார்ச் 16

சுத்தம் செய்தேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய பல்துலக்கும் பிரஷ், பொறுமை. மூன்று தடவை தேய்த்து, ஒவ்வொரு தடவையும் ஊறிய அழுக்கைப் பஞ்சில் ஒற்றி எடுத்தேன். அப்படியே காயவிட்டால் அழுக்கு வேறிடத்தில் படியும். ஒரு நாள் காயவைத்து, போர்டுக்கான பாதுகாப்பு வார்னிஷ் பூசினேன். செல் தொடும் தகடுகளிலும் ஈரப்பத சென்சார் மேலும் அது படவே கூடாது.

பழைய பசையைச் சுரண்டி எடுத்து, ஓட்டையைத் திறந்தாயிற்று. பூச்சி நுழையாமல் மெல்லிய வலை.

இப்போது இரண்டு துள்ளலுக்கு நடுவே 0.3 மில்லிவோல்ட்டுக்குக் கீழே.

மார்ச் 19

முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. சோதித்துப் பார்க்க லித்தியம் செல்லை வேண்டுமென்றே எடுத்துவிட்டு, கெப்பாசிட்டரை மட்டும் நம்பி இரவை விட்டேன். கணக்குப்படி 18 மணி நேரம் தாங்க வேண்டும். இருட்டி ஏழு மணி நேரத்துக்குள் நின்றுவிட்டது.

மார்ச் 20

கெப்பாசிட்டரை ஐந்து நிமிடம் சார்ஜ் செய்து எடுத்து வைத்தேன். ஒரு மணி நேரத்தில் வோல்ட் கணிசமாக இறங்கியது. உள்ளேயே ஒழுகுகிறது, மாற்ற வேண்டியதுதான்.

மார்ச் 22

நேற்று முன்தினம் எழுதியது செல்லாது. சூப்பர் கெப்பாசிட்டரின் உள்ளே கார்பனில் நுண்ணிய துளைகள் ஆழமாக இருக்கின்றன. வெளிப்பரப்பு உடனே நிரம்பிவிடும், ஆழத்துக்கு மின்னூட்டம் மெதுவாகத்தான் போகும். கொஞ்ச நேரம் மட்டும் சார்ஜ் செய்தால், பிறகு மேலே இருப்பது உள்ளே பரவும், வோல்ட் இறங்கும். அது ஒழுகல் இல்லை. பல மணி நேரம் அதே வோல்ட்டில் பிடித்து வைத்த பிறகே ஒழுகலைப் பற்றிப் பேசலாம். ஒரு முழு இரவு பிடித்து வைத்துப் பார்த்தேன். இறக்கம் மிகக் குறைவு. ஒழுகல் இல்லை.

ஆனால் கொள்ளளவு வற்றிவிட்டது. 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டிலிருந்து 1.85 வரை இறங்க எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். 5 ஃபாரட் என்றால் 500 வினாடி ஆக வேண்டும். 180 வினாடியில் முடிந்துவிட்டது. 1.8 ஃபாரட். அதன்படி இரவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு மில்லிஆம்பியர்-மணி, 6.7 மணி நேரம். மார்ச் 19 இரவு நடந்தது அதேதான்.

தேய்ந்ததற்கு முக்கியக் காரணம் சூடு. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வகை கெப்பாசிட்டரின் ஆயுள் சுமார் பாதியாகும். பேனலுக்கு நேர் கீழே ஒட்டி வைத்திருந்தார்கள். அதோடு இரண்டு துண்டு வரிசையில் இருக்கும்போது எது பலவீனமோ அதன் மேல்தான் அதிக வோல்ட் விழும், அது இன்னும் வேகமாகத் தேயும். நடுமுனையைத் தொட்டுப் பார்த்தேன்: ஒன்றில் 1.9, மற்றதில் 3.1. ஒரு துண்டின் எல்லை 2.7.

புதியது மாற்றியாயிற்று. பேனலிலிருந்து தள்ளி, பெட்டியின் அடிப்பக்கம் வைத்தேன்.

மார்ச் 23

செல் இல்லாமல் முழு இரவும் தாண்டியது. விடியும்போது கெப்பாசிட்டர் 3.6 வோல்ட்.

மார்ச் 30

"நான் சொந்தமாகச் செய்தது. இஎஸ்பி32 சிப், ரீசார்ஜ் ஆகும் 18650 லித்தியம் அயனி செல், டிபி4056 சார்ஜர் போர்டு. எனக்கும் இரவில் நிற்கிறது" என்று ஒருவர். உங்கள் கதை வேறு, ஆனால் கணக்கு அதேதான். சிப் ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோஆம்பியர் எடுக்கும் என்பது சிப்புக்கு மட்டும். அது உட்கார்ந்திருக்கும் போர்டில் யூஎஸ்பி சிப்பும் எல்இடியும் தூங்குவதில்லை. வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் ஏஎம்எஸ்1117 என்றால் அது ஒன்றே சும்மா இருக்க 5 மில்லிஆம்பியர் கேட்கும். ஒரு நாளில் 120 மில்லிஆம்பியர்-மணி. மைக்ரோஆம்பியர்களில் நிற்கும் ரெகுலேட்டராக மாற்றுங்கள்.

டிபி4056 போர்டு வரும்போதே 1 ஆம்பியருக்கு அமைத்து வரும். சின்னப் பேனலிடம் அவ்வளவு கேட்டால் பேனலின் வோல்ட் சரிந்து விழும். அதிலுள்ள 1.2 கிலோஓம் ரெசிஸ்டரை 10 கிலோஓமாக மாற்றினால் 130 மில்லிஆம்பியரோடு நிற்கும். உறைபனி விழும் இடமென்றால் பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியம் அயனி செல்லை சார்ஜ் செய்யவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுக்கும்.

ஏப்ரல் 6

முதலில் கேட்டவர் எழுதியிருக்கிறார். போர்டு பளிச்சென்று இருக்கிறதாம், துரு இல்லை. 10 ஓம் சோதனையில் 23 மில்லிவோல்ட். சென்சார் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னேன். காற்றுமானியின் வயரைக் கழற்றியதும் எண் பூஜ்யத்துக்கு விழுந்திருக்கிறது. மேலே வயரின் உறை ஓரிடத்தில் கீறியிருக்கிறது. தண்ணீர் உறைக்குள்ளேயே ஊர்ந்து இறங்கிப் பிளக் வரை வந்திருக்கிறது.

வயரை மாற்றும்போது பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்க விடுங்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போகும். ஏறி உள்ளே வராது.

கழற்றிய பழைய செல்கள் மூன்றையும் அவர் வைத்திருந்தாராம். லோடு கொடுத்துப் பார்த்தால் மூன்றும் உண்மையிலேயே தீர்ந்தவை. லோடு இல்லாமல் வெறும் வோல்ட் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. இந்த வகை செல் கடைசி வரை 3 வோல்ட்டை ஒட்டியே நின்று திடீரென்று விழும்.

ஜூன் 11

நேற்று மாலை தொடங்கி இரவெல்லாம் மழை. நடுவில் இரண்டு முறை எழுந்து கன்சோலைப் பார்த்தேன், எண் ஏறிக்கொண்டே இருந்தது. காலையில் கண்ணாடி மானியில் 62.4 மில்லிமீட்டர். நிலையத்தில் 311 தட்டல் (மழைமானிக்குள் சின்ன வாளி நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டல்). ஒரு தட்டலுக்கு 0.2 வீதம் 62.2.